தண்ணீர் குடிக்காத எஞ்சின்

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், சீனக்குடாவில் அபூதாஹிரின் பழைய சாமான் யார்ட்டுக்குள் சிவரூபன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பின்வேலிக்கு அப்பால் துறைமுகத்தின் உட்குடா அசைவில்லாமல் கிடந்தது. துருவும் ஒயிலும் ஊறிய மண் செருப்போடு ஒட்டியது. கதவில்லாத வான்கள், மூக்குடைந்த லொறிகள், சக்கரம் கழற்றிய பஸ் ஒன்று. அவற்றுக்கு நடுவே, நீலத் தறப்பாளுக்குக் கீழே, அவன் மாதக்கணக்கில் தேடித் திரிந்த எஞ்சின் டயர்களின் மேல் இருந்தது.

சிவரூபன் பாலையூற்றில் கராஜ் வைத்திருப்பவன். அவனுடைய சொந்த ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, எஞ்சின் இறுகிப்போய்க் கொட்டிலில் நின்றது. அந்த மொடலுக்குப் பொருந்துவது கொழும்பிலும் கிடைக்கவில்லை. அவன் மனைவி லக்சனா திரியாய்ப் பக்கத்து ஊர்களுக்கு மருத்துவிச்சி. ஜீப் இல்லாமல் ஸ்கூட்டியில் போய், சேற்றில் சறுக்கி, முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். மாரி முற்றுவதற்கு முன் ஜீப் ஓட வேண்டும். அவனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

ஸ்பனரைக் கொழுவிக் கையால் சுற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. தேய்வே இல்லை.

அபூதாஹிர் கிட்ட வரவில்லை. பஸ்ஸில் சாய்ந்தபடி, வெருகல் பக்கம் கவிழ்ந்த ஜீப்பின் எஞ்சின் என்று மட்டும் சொன்னார்.

"இது வேணாம் தம்பி. கொஞ்சம் பொறுங்க, வேற ஒண்டு எடுத்துத் தாறன்."

யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்த சிவரூபன் விடாப்பிடியாக நின்று வாங்கிக்கொண்டு போனான்.

மாற்றுகிற வேலையும் அதிசயமாக இலகுவாக நடந்தது. எஞ்சினைத் தாங்கும் பிடிகளை மட்டும் கொஞ்சம் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. மற்றபடி கியர் பெட்டியோடு அது தானாகப் போய்ப் பொருந்தியது. திறப்பைத் திருப்பிய முதல் தடவையே பிடித்தது. லக்சனா குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் எஞ்சினை நிறுத்தினான். மழை இருட்டு கொட்டிலுக்குள் இறங்கியிருந்தது.

டொக். டொக். டொக்.

சூடு ஆறும்போது இரும்பு சத்தம் போடுவது வழமைதான். அவன் சாமான்களைத் துடைத்து அடுக்கினான். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தது. பிறகு குளிர்ந்தும் விட்டது. சத்தம் நிற்கவில்லை. தட்டல், சற்று இடைவெளி, மறுபடி தட்டல். மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தான். எல்லாம் அளவாக, ஒயில் மினுங்க, அசையாமல் இருந்தன.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, எஞ்சினின் பக்கத்தில் ஸ்பனரால் இரண்டு தட்டுத் தட்டினான்.

டொக். டொக்.

இரண்டே இரண்டு.

உள்ளங்கையை இரும்பில் வைத்தான். இரும்பின் உட்பக்கத்தில் விரல் முட்டிகள் படுவது கையில் தெரிந்தது.

கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சாப்பிடும்போது லக்சனா ஏன் முகம் வெளிறியிருக்கிறது என்று கேட்டாள். வேலைக் களைப்பு என்றான்.

விடிந்ததும் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் சீனக்குடாவுக்குப் போய், பூட்டியிருந்த யார்ட் வாசலில் மத்தியானம் வரை காத்திருந்தான். அவனைக் கண்டதுமே அபூதாஹிருக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினார். அந்த ஜீப் வெள்ளத்தில் கால்வாய்க்குள் தலைகீழாகப் போனதாம். ஓட்டிய பெடியன் உயிரோடு உள்ளே இருந்திருக்கிறான். கதவு ஒன்றும் திறபடவில்லை. ஆட்கள் கயிறு தேடி ஓடியிருக்கிறார்கள்.

"நானும் கரையில நிண்டன் தம்பி. அவன் தட்டினது கேட்டுக்கொண்டே இருந்திச்சி. ஒருத்தரும் இறங்கல்ல."

எஞ்சின் தண்ணீருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததாம். தண்ணீர் குடித்த எஞ்சின் உள்ளே வளைந்து நொறுங்கிப்போகும் என்பது சிவரூபனுக்குத் தெரியும். இது வளையவில்லை. கழற்றியபோது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கவில்லை என்றார் அபூதாஹிர்.

அப்போதுதான் லக்சனாவின் அழைப்பு வந்தது.

திரியாய்க்கு அப்பால் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். ஜீப்பில்தான். தாம்போதித் தரைப்பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, நடுவில் ஜீப் நகராமல் நின்றுவிட்டது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கதவு ஒண்டும் திறபடுதில்லையப்பா. திறப்பை எடுத்திட்டன். எஞ்சின் நிக்குதில்லை."

அவள் குரலுக்குப் பின்னால், டொக், டொக்.

நிலாவெளியும் குச்சவெளியும் எப்படிக் கடந்தன என்பது அவனுக்கு நினைவில்லை. தாம்போதியில் தண்ணீர் ஜீப்பின் கதவில் பாதிக்கு ஏறியிருந்தது. சுற்றிலும் ஒரு குருவிகூட இல்லை. வயிற்றளவு வெள்ளத்தில் இறங்கிப் போய், இரும்புக் கம்பியால் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கீறல்கூட விழவில்லை. உள்ளே லக்சனா இரண்டு கையாலும் கண்ணாடியில் தட்டினாள்.

அவள் தட்டத் தட்ட, எஞ்சினும் தட்டியது.

பொனற்றைத் திறக்கும்படி சைகை காட்டினான். அவள் பிடியை இழுத்தாள். அந்த வண்டியில் திறந்தது அது ஒன்றுதான்.

டீசல் குழாயை அறுத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டல் வேகம் கூடி, மூச்சு முட்டுகிற ஒருவனின் அவசரத்தில் கேட்டது. சிவரூபன் கையை அதன் மேல் வைத்தான்.

"கேக்குது தம்பி," என்றான். "நான் வந்திட்டன். வெளியில வாரும்."

ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றினான்.

தண்ணீர் பீறிட்டது. ஐஸ்போலக் குளிர்ந்த, சேறு நாறும் கால்வாய்த் தண்ணீர். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நீளமாக ஒரு மூச்சு அவன் முகத்தில் பட்டது. எஞ்சின் அடங்கியது. கதவுகள் எல்லாம் ஒருமித்துத் திறந்துகொண்டன. விழப்போன லக்சனாவை அணைத்துக்கொண்டு அவன் கரையேறினான்.

வெள்ளம் வடிந்தபின் உழவு இயந்திரத்தில் கட்டி ஜீப்பைப் பாலையூற்றுக்கு இழுத்து வந்தார்கள். எஞ்சினைக் கழற்றியாயிற்று. அபூதாஹிரே படகு பிடித்துவந்தார். இருவருமாகப் போய், துறைமுக வாயிலில் ஆழமான இடத்தில் அதை இறக்கிவிட்டார்கள். அவர் கடலைப் பார்த்து வாய்க்குள் துஆ ஓதினார். சிவரூபன் கும்பிட்டான். திரும்பி வரும்போது இருவருக்கும் மனம் லேசாக இருந்தது.

ஜீப்பை விற்றுவிடுங்கோ என்றாள் லக்சனா. அவனும் ஓம் என்றான்.

வெயில் நன்றாக ஏறிய காலையில், வாங்க வருபவருக்குக் காட்டுவதற்காக, தூசி தட்டத் துணியோடு கொட்டிலுக்குப் போனான். பொனற்றுக்குக் கீழே வெறும் குழி. கதவுகள் மூடியிருந்தன. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மங்கிக் கிடந்தது. துணியால் துடைத்தான். போகவில்லை. மூச்சுப் படிந்ததுபோல், மங்கல் உட்புறத்தில் இருந்தது.

குனிந்து பார்த்தான். இருக்கையில் யாரும் இல்லை.

ஒரு முகம் அளவுக்கு இருந்த அந்த மங்கல், அவன் பார்த்துக்கொண்டிருக்கவே மெல்லச் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது, மறுபடி சுருங்கியது.