மூன்றாம் களஞ்சியத்தில் ஒருவர்

மறுபடியும் ஒன்று என்றே வந்தது.

பிறிஜெற் கணினித் திரையை மறுபடி பார்த்தாள். போயா, பௌர்ணமி விடுமுறை. கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்த அந்தக் கறுவாப்பட்டைக் களஞ்சியத்தில் இன்று வேலை இல்லை. மூட்டை தூக்கும் நாட்டாமிகள் நேற்றே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே ஆட்கள் பூச்சியம் என்று வரவேண்டும். டேட்டாபேஸ் ஒருவர் இருக்கிறார் என்றது.

அதைச் சொல்வது அவளே எழுதிய ஒரு ஃபங்ஷன், டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஒரு சிறு நிரல். களஞ்சியத்தின் இலக்கத்தைக் கொடுத்தால் போதும். வாசலில் பதிவான உள்வரவுகளிலிருந்து வெளியேற்றங்களைக் கழித்து, உள்ளே எத்தனை பேர் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண் பூச்சியமானால் இரும்புக் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். சிறிது நேரம் எச்சரிக்கைச் சங்கு ஊதும். பிறகு வால்வு திறந்து பூச்சிமருந்துப் புகை உள்ளே இறங்கும். மனிதர் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்க முடியாத புகை. நாளைக் காலை கப்பலேறும் சரக்குக்கு இன்று அதைப் போட்டாகவேண்டும்.

போன் அடித்தது. ஜெனிஸ்டன். வெள்ளவத்தையில் அவள் வேலை செய்யும் சிறிய மென்பொருள் கம்பனியின் முதலாளி. அவளைவிட எட்டு வயது இளையவன்.

“அக்கா, இன்னும் சரிவரேல்லையா?”

“ஒண்டு எண்டுதான் காட்டுது.”

“ஆளில்லாத இடத்தில ஒண்டு எண்டு காட்டினா அது ஆளில்லை அக்கா, பிழை. உங்கட பிழை. மாத்திவிடுங்கோ.”

“பிழை எங்க எண்டு தெரியாமல் எதை மாத்துறது?”

“அப்ப கப்பல்காரனிட்ட சொல்லட்டா? எங்கட அக்கா யோசிக்கிறா, கொஞ்சம் நில்லுங்கோ எண்டு?”

அவனுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். அவளை எதற்காவது நெருக்கித் தள்ளுவதற்கு முன்னால்தான் அவன் எப்போதும் அக்கா என்ற சொல்லைச் சொல்வான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. அதைப் போட ஓர் இடமில்லாமல் மேசையில் கிடந்த பேனையை மூடித் திறந்தாள்.

பிழை எங்கே இருக்கலாம் என்று அவளுக்கு ஓர் ஊகம் இருந்தது. நாட்டாமிகள் மூன்று நான்கு பேருக்கு ஓர் அட்டையைத்தான் பயன்படுத்துவார்கள். ஒருவர் தட்ட, மற்றவர்கள் பின்னாலேயே நுழைவார்கள். அதனால்தான் வாசலில் ஒளிக்கற்றைக் கண் ஒன்றைப் பொருத்தி, அட்டை இல்லாத உடம்பையும் எண்ணவேண்டும் என்று அவள் கூட்டத்தில் தனியாக நின்று வாதாடி அந்த விதியை ஃபங்ஷனுக்குள் சேர்த்திருந்தாள். ஆனால் இரண்டு பேர் ஒரே மூட்டையைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அந்தக் கண்ணுக்கு அது ஓர் உடம்பு. அப்படித்தான் ஒருவர் உள்ளே தங்கிப்போயிருப்பார், கணக்கில் மட்டும்.

கணக்கில் மட்டும்தானா என்று பார்த்துவிடவேண்டும்.

காவலாளி அழகுமுத்து குடையை மடக்கிக்கொண்டு வந்தார். “நான் ரெண்டு தரம் பாத்துட்டேன் மிஸ். பூனகூட இல்ல.”

“நானும் ஒருக்கா பாக்கிறன்.”

“பாருங்க. எண்ணுற மெசின நம்புறீங்க, என்னைய நம்ப மாட்டீங்க.” சிரித்தார். ஆனாலும் ரோச் விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர்கள் நுழைந்ததும் வாசலுக்கு மேலிருந்த எண் பலகையில் ஒன்று மூன்றானது. உள்ளே, மழைக்காலத்துச் சாக்கின் புளித்த வாடைக்கு மேலாகக் கறுவாவின் இனிப்பு தொண்டைவரை இறங்கி ஒட்டிக்கொண்டது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் முதலில் எல்லாவற்றையும் மூடியது. பழகப் பழக அதற்கு அடியில் வேறு சிறு சத்தங்கள் இருப்பதும், கயிறு இறுகுவதும், எங்கோ ஒரு மூட்டை தன் பாரத்தை மாற்றிவைப்பதும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. வரிசை வரிசையாக நடந்தார்கள். யாரும் இல்லை. கடைசி வரிசையில், சுவரோரம், ஒரு மூட்டை மட்டும் நடுவில் குழிந்திருந்தது. முதுகு சாய்ந்த குழிவு. பிறிஜெற் கையை வைத்தாள். சூடாக இருந்தது.

“அடுக்கி வச்சா சூடு ஏறும் மிஸ்,” என்றார் அழகுமுத்து. பக்கத்து மூட்டையைத் தொட்டுப் பார்க்க அவர் கை நீட்டவில்லை. அவளும் நீட்டவில்லை.

வெளியே வந்தார்கள். மூன்று, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

முற்றத்தின் எதிர்ப்பக்கம் இருந்த கண்ணாடி அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அவள் ஃபங்ஷனைத் திறந்தாள். செய்யவேண்டியது ஒரு வரி. அட்டை இலக்கம் இல்லாத பதிவுகளை விட்டுவிடு. பெயர் அதேதான். கேட்கும் விதமும் தரும் விதமும் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் மாறும். அதைக் கூப்பிட்டுக் கேட்கிற கதவுக்கும் சங்குக்கும் வால்வுக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. பழையதை எங்காவது பிரதி எடுத்துவைத்திருக்கவேண்டும். பொறுமை இல்லை. அதன் மேலேயே எழுதி, ஓடவிட்டாள்.

பூச்சியம்.

அமைதியான குரலில் ஒரு பொய் சொல்லி, அதை எல்லோரும் நம்பிவிட்டதுபோல் இருந்தது. இரும்புக் கதவு உருண்டு மூடியது. சங்கு ஊதத் தொடங்கியது. ‘சரி’ என்று ஜெனிஸ்டனுக்கு ஒரு சொல் அனுப்பினாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான்.

சங்கு விட்டு விட்டு ஊதியது. அதன் இடைவெளி ஒன்றில், உள்ளிருந்து கதவில் யாரோ தட்டினார்கள்.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். அழகுமுத்து முற்றத்தின் நடுவில் மழையில் நின்றுகொண்டிருந்தார். குடையை விரிக்கவில்லை.

“மிஸ், கேக்குதா?”

“உள்ள யாரையும் விட்டனீங்களா?”

“நீங்களும்தானே வந்து பாத்தீங்க.”

மறுபடி. முட்டியால் அல்ல. உள்ளங்கையால், விரல்களை விரித்து அறையும் சத்தம். கதவின் அடியில், தரையோடு. தவழ்கிற ஒருவரின் கை எட்டும் உயரத்தில்.

நிறுத்தும் சிவப்புப் பொத்தான் முன்பு கதவோரம் இருந்தது. மூட்டைகள் இடித்து இடித்து அடிக்கடி வேலை நிற்கிறது என்று களஞ்சியக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். இப்போது அந்தக் கதவைத் திறக்க ஒரே வழி, உள்ளே ஆள் இருக்கிறார் என்று ஃபங்ஷன் சொல்வது.

ஞாபகத்திலிருந்து பழைய வரிகளை எழுதினாள். அட்டை இல்லாதவர்களையும் எண்ணு. விரல்கள் பக்கத்துக் கட்டைகளில் விழுந்தன. அழித்தாள். எழுதினாள். ஓடவிட்டாள். ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது.

பலகையில் பூச்சியம்.

மறுபடி ஓடவிட்டாள். ஏற்றுக்கொண்டது. பூச்சியம்.

“ஏன்,” என்றாள் திரையிடம். “ஏன், ஏன்.”

சங்கின் இடைவெளி குறுகியது. அறையும் சத்தம் இப்போது இடுப்பு உயரத்தில் கேட்டது. எழுந்து நிற்கிறார், யாரோ. நிற்க முடிகிறது. சீக்கிரம்.

வாய்விட்டு வரிவரியாகப் படித்தாள். முதல் வரியிலேயே இருந்தது. களஞ்சியத்தின் இலக்கத்தை முன்பு எழுத்தாக வாங்கியிருந்தாள். அவசரத்தில் இப்போது எண்ணாக வாங்குவதாக எழுதியிருந்தாள். அந்த ஒரு வித்தியாசம் போதும். டேட்டாபேஸ் அதைப் பழையதன் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதே பெயரில் இன்னொரு ஃபங்ஷன் என்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டது. வால்வு கேட்பது பொய் சொல்லும் முதலாவதை.

“மிஸ்.” அழகுமுத்துவின் குரல் மெல்லியதாகிவிட்டிருந்தது. “அது மேல போகுது மிஸ்.”

அவளுக்கும் கேட்டது. அறையும் சத்தம் தோள் உயரம். தலை உயரம். அதற்கும் மேல். கதவின் உச்சியில், ஏணி வைத்தாலும் எட்டாத இடத்தில், உள்ளங்கை.

முதல் வரியில் ‘எண்’ என்றதை அழித்தாள். எழுத்து. அடைப்புக்குறி. ஓடு.

ஒன்று.

சங்கு நின்றது. மழைகூட நின்றதுபோல் இருந்தது. பூட்டு விலகி, கதவு ஓர் ஆள் அகலத்துக்கு உருண்டு திறந்தது.

அவள் கண்ணாடி அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். யாராக இருந்தாலும் உயிரோடு வரட்டும் என்ற ஒன்றைத் தவிர மனதில் எதுவும் இல்லை. இடைவெளியின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அழகுமுத்து. உள்ளே இருட்டு.

“வெளிய வாங்கோ. பயப்படாதீங்கோ. கதவு திறந்துதான் இருக்கு.”

“கவுத எதன?” என்று அழகுமுத்து சிங்களத்திலும் கேட்டார், யார் அங்கே என்று.

ரோச் வெளிச்சம் மூட்டைகளின்மேல் போய்த் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில், கை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொடக்கூடிய அந்த இடத்தில், வெறும் காற்று.

கதவுநிலையில் ஒளிக்கற்றைக் கண்ணின் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

பிறிஜெற் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள்.

பூச்சியம்.

இது அவளுடைய பழைய ஃபங்ஷன். ஒரு வரியும் குறையாதது. காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்த எண், இந்த முறை உண்மையானது. உள்ளே யாரும் இல்லை.

கதவு தானாக உருண்டு மூடியது. சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது.

“மிஸ்,” என்றார் அழகுமுத்து. அவர் கதவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பினாள். முற்றத்தின் எதிரே, அவள் வெறுமையாக விட்டுவந்த கண்ணாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில், கூரைக்குச் சற்றே கீழே, வெள்ளையாக ஒரு வட்டம் படர்ந்தது. சுருங்கி மறைந்தது. மறுபடி படர்ந்தது, நிதானமாக, நெற்றியை வைத்து வெளியே பார்க்கிற ஒருவரின் மூச்சைப்போல.