ஃபேன் கொக்கி இல்லாத வீடு

அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம், கொர்னேலியஸ் பன்னை டீயில் முக்கித் தின்றதுதான். சித்திரை மதியம். வெளியே தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டிலிருந்து கிளம்பிய வெள்ளைத் தூசி ஸ்கெலட்டன் லைன் தொழிலாளர் வீடுகளின் தகரக் கூரைகள்மேல் வெந்துகொண்டிருந்தது. புது வீட்டுக்குள் மட்டும் பேத்தமங்களா ஏரிக்கரையில் உட்கார்ந்த மாதிரி குளிர்ச்சி.

"இன்னாடி ஐடா, அடுத்த மாசம் ஸ்வெட்டர் போடணும் போல கீதே" என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள், இயேசு படத்தின் முன்னால் எரிந்த மெழுகுவத்தியின் சுடர் சாய்ந்ததை ஐடா பார்த்தாள். கூடத்து மூலையில் தரையோடு பதித்திருந்த இரும்புச் சல்லடையை நோக்கிச் சாய்ந்தது. அதன் வழியாகக் குளிர்காற்று கீழிருந்து மேலேதான் வரவேண்டும். சுடரோ உள்ளே இழுபட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் திரும்பியது.

யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

பழைய லைன் வீடுகளுக்கு நடுவே, சுவரோடு சுவர் ஒட்டி எழும்பிய புது வரிசையில் அது கடைசி வீடு. சுரங்கத்தை மூடி, கொர்னேலியஸின் கணக்கைத் தீர்த்துக் கொடுத்ததும் வாங்கியது. "பூமிக்கு அடியில சிமெண்டு பைப் சுத்திச்சுத்திப் போட்டுக்கீறோம்" என்று காண்ட்ராக்டர் சௌந்தரராஜன் சொல்லியிருந்தார். "காத்து அதுல பூந்து ஜில்லுனு மேல வரும். கரண்டு பில்லு பாதிகூட வராது." கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லாததைப் பார்த்து, அவசரத்துக்கு ஒன்றாவது வைக்கலாமே என்று ஐடா கேட்டாள். "தேவையே படாதும்மா" என்றார் அவர்.

இப்போது அந்தச் சல்லடை வழியாக ஒரு வாசனை வந்தது. ஈர மரம், துரு, வெடிமருந்துப் புகை. கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைத்து அலசிய ஷிப்டு உடுப்புகளின் வாசனை.

ரெண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற வேளை. சுரங்கம் மூடியபின் சங்கு இல்லை. ஆனால் ஊர்க் காது அந்த நேரத்துக்கு இன்னும் காத்திருக்கும். அந்த அமைதிக்குள், கீழேயிருந்து சத்தம் வந்தது.

இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு.

இரும்பின்மேல் இரும்பு. சிமெண்டுக் குழாயில் வராத சத்தம்.

கொர்னேலியஸ் பன்னைக் கீழே வைத்தார். கையிலிருந்து டீ சொட்டியது.

சுரங்கக்காரர் குடும்பத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவன் காற்றுக் குழாயைத் தட்டுவான். கேட்டவன் பதிலுக்குத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு மனசு விட்டுப்போகும். மாற்றிவிடும் ஆளான ரிலீவர் வந்து கையில் வாங்கிக்கொள்ளும்வரை தட்டுகிறவன் எழுந்திருக்கக் கூடாது. கொர்னேலியஸின் தம்பி யேசுதாஸ் கீழே மாட்டிக்கொண்டபோது இவர்தான் தட்டினார். ஒருநாள் பதில் நின்றது. உடல் மேலே வரவேயில்லை. கல்லறையில் பெயர் மட்டும் இருக்கிறது.

"தம்பி கைதான், ஐடா."

"தண்ணி சொட்டுதுங்க. பம்பு நின்னதுலேர்ந்து கீழ தண்ணி ஏறுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஏறுது. அதான் அவசரமா தட்டறான்."

ஸ்பானரை எடுத்து வந்து சல்லடையின் பக்கத்தில் முட்டி போட்டார். தட்டினார். பதில் வந்தது. அதன்பின் அவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சியை ஐடா ஊட்டினாள். பாதிரியாரைக் கூப்பிடவா என்றாள். வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். இரவும் தட்டினார்.

மறுநாள் பக்கத்து வீட்டு வின்னி வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாக்கா, வூடு வாங்கியும் அண்ணன் ஷிப்டை வுடலையா? நீங்களும் கூடச் சேந்துக்கினு மாத்தி மாத்தித் தட்டறீங்க. தூக்கமே இல்ல எங்களுக்கு."

ஐடா ஸ்பானரைத் தொட்டிருக்கவில்லை.

அடுத்த மதியம் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. உள்ளங்கை கிழிந்து, ஸ்பானர் பிசுபிசுத்தது. கண் செருகியது. தலை தொங்கியது. கை மட்டும் நிற்கவில்லை. இப்படியே செத்துப்போவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் படுங்க. உங்க கால்ல விழறேன்."

"ரிலீவர் இல்லாம எப்டி எழுந்திரிக்கறது?"

"குடுங்க. நான் தட்டறேன்."

நிமிர்ந்து பார்த்தார். ஷிப்டு முடிந்து வருகிற முகம். "ரிலீவ் பண்றியா?"

"பண்றேன்."

ஸ்பானரை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். அவர் கை சுட்டது. இரும்பு சில்லிட்டிருந்தது.

ஐடா தட்டினாள். பதில் வந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் நடந்து போனார். படுக்கையறைக்குத்தான். மறுபடி தட்டினாள். கட்டில் கிறீச்சிடவில்லை. தட்டினாள்.

காலடி மட்டும் நிற்கவில்லை.

சுவரைத் தாண்டியும் போனது. பிறகு தரைக்குக் கீழே. ஈரத்தில் நடக்கிற பூட்ஸ் சத்தம்.

சுடர் உள்ளே சாய்ந்தது. நீளமாக. திரும்பவில்லை.

கீழேயிருந்து தம்பியின் தட்டு. இரண்டு. இடைவெளி. ஒன்று.

அதற்குப் பின் இன்னொரு கை. ஒரே தட்டு. விரல் மடக்கித் தட்டியது. பிறகு ஒரு செருமல். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் அக்கம்பக்கம் எழுந்துவிடாமல் அவர் கதவைத் தட்டுவது அப்படித்தான்.

கட்டிலில் விரிப்பு கசங்கவில்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஐடா எழுந்து திறக்கவில்லை; வின்னியின் புருஷன்தான் அதை உடைத்தான். சௌந்தரராஜன் ஆள் வைத்துத் தோண்டினார். ஒரு ஜாண் அகலக் குழாய், கொல்லைப்புறம் வரை. அதற்குமேல் அது எங்கும் போகவில்லை. உள்ளே உலர்ந்த மண். தோண்டியதை அப்படியே மூடினார்கள்.

ஐடா சல்லடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வின்னி தட்டில் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். இப்போது அவள் சிரிப்பதில்லை.

"ஒரு வாய் சாப்புடுங்கக்கா. அதுவரைக்கும் நான் தட்டட்டா?"

ஸ்பானரைக் கொடுத்தவர் எங்கே போனார் என்று ஐடாவுக்குத் தெரியும். அதை மடிக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறாள். கீழே தட்டுவது நின்று, காத்திருக்கிறது.

வெளியே அதே வெயில். கூரையில் இன்னும் ஃபேன் கொக்கி இல்லை. தேவைப்படவில்லை.