பனிமேட்டில் ஏறியவன்

அவன் இமைகளில் ஒட்டியிருந்த பனி உருகவேயில்லை.

ஹெலிகாப்டருக்குள் ஹீட்டர் புழுக்கமாக ஊதிக்கொண்டிருந்தது. எரிபொருள் நெடியும் ஈரக் கம்பளியின் ஆட்டு வாடையும் கலந்து தொண்டையைக் கரித்தன. ராணுவ மருத்துவ உதவியாளர் சைகாலின் கழுத்தில் வியர்வைகூட அரும்பிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த சிப்பாயின் முகத்தில் மட்டும் அந்த வெண்பொடி. விரலால் துடைத்தாள். மறுபடி படிந்தது.

"அண்ணே, ஹீட்டர இன்னும் கூட்டுங்க."

காதுக்கருவியில் விமானி எமில்பெக் சிரித்தார். "இதுக்கு மேல கூட்டினா நானே வெந்துடுவேன் தங்கச்சி. பையன் எப்படி இருக்கான்?"

"நாடி இருக்கு. மெதுவா அடிக்குது."

அலாய் மலையின் எல்லைச் சாவடியிலிருந்து மதியம் அழைப்பு வந்திருந்தது. பனிச்சரிவில் புதைந்த ஒரு சிப்பாயைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கால்கள் உறைந்துவிட்டன, உடனே வர வேண்டும். பறக்கும் பனியில் கண் தெரியவில்லை. மேட்டில் கை அசைத்தவர்களைப் பார்த்துத்தான் எமில்பெக் ஹெலிகாப்டரை இறக்கினார். வெள்ளைக் கோட்டு போட்ட நாலு பேர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விலகி நின்றார்கள்.

ரேடியோ கரகரத்தது.

"சாவடியிலேர்ந்து பேசுறேன். எங்கய்யா இருக்கீங்க? பையனுக்கு நினைவு தப்புது!"

"என்னப்பா, ஏத்திட்டுக் கிளம்பியாச்சே! உங்க ஆளுங்கதானே தூக்கிட்டு வந்தாங்க?" என்றார் எமில்பெக்.

"பையன் என் மடியில கிடக்கான். நாங்க யாரும் வெளிய வரல. ஹெலிகாப்டர் சத்தமே கேக்கல."

எமில்பெக் விசைக்கோலை வெடுக்கென இழுத்தார். ஹெலிகாப்டர் ஒருபக்கமாகச் சாய்ந்து, வந்த வழியே திரும்பியது.

சைகால் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தாள். வெறும் காற்றிலும் விரல் நுனி துடித்தது. இதுவரை அவள் உணர்ந்தது தன் சொந்த நாடியைத்தான்.

அவன் கண் திறந்தான்.

உதடு மட்டும் அசைந்தது. காதுக்கருவி அவனுக்கு மாட்டவில்லை. ஆனாலும் குரல் அவள் காதுக்குள் கேட்டது.

"கதவத் திற. அவங்களுக்கும் குளிருது."

டொக்.

வெளியிலிருந்து. கதவுத் தகட்டின் மேல்.

டொக். டொக்.

"தங்கச்சி, தட்டுறது நீயா?"

"இல்லண்ணே."

வட்டக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்தது. கீழே பாதாளம். இன்னொரு கை. இன்னொன்று.

கதவின் கைப்பிடி மெல்ல இறங்கியது. சைகால் பாய்ந்து இரு கைகளாலும் அதை மேலே தூக்கிப் பிடித்தாள். விடவில்லை.

"எங்க இருக்கீங்க?" ரேடியோவில் சாவடிக்காரர் அழுதார். "சீக்கிரம் வாங்கய்யா..."

முதுகுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் கிறீச்சிட்டது.

கம்பளி நழுவி விழும் ஓசை.

பனிக்கட்டி போன்ற இரண்டு கைகள் பின்னாலிருந்து நீண்டு, அவள் கைகளின் மேல் படிந்தன.

கைப்பிடியைக் கீழே அழுத்தின.