மாக்கோலத்தில் நாலு விரல்

கோலத்தின் நடுவில் யாரோ மிதித்திருந்தார்கள்.

புஷ்பவல்லிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வராதா பின்னே? விடிந்தும் விடியாத குளிரில், குல்லாயும் சாக்ஸுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் விறைக்க விறைக்க இழுத்த கோலம். உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு இழைகள் கலைந்து கிடந்தன. "வான்மதி! கோலத்த மிதிச்சயா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். ஏழு வயது மகள் போர்வைக்குள்ளிருந்து, "வாட் கோலம்?" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கணவன் சேனாபதி ஐந்தரைக்கே சான் ஹோசே ஆபீசுக்குக் கிளம்பிப் போயாயிற்று. வீட்டில் நாய் கிடையாது, பூனை கிடையாது. பக்கத்து வீடு என்பதே இரண்டு மைல் தள்ளித்தான்.

குனிந்து பார்த்தாள். அவள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். நாலு விரல். நகம் பதியவில்லை. கதவைப் பார்த்து வைத்த கால்.

அவள் தலை குனிந்துகொண்டு கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அது எங்கே நின்றுகொண்டிருந்தது என்ற கேள்வி, காபி ஆறிப்போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முழுக்க முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

லிவர்மோருக்குத் தெற்கே, மலைச்சரிவில் இருக்கிற அந்தப் பன்னிரண்டு ஏக்கர் ரான்ச்சுக்கு அவர்கள் குடிவந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பிளசன்டனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. சேனாபதி தாராபுரத்துக்காரன். ஆடு வளர்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் அவனுக்கு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து ஆட்டுப்பட்டியைக் கூட்டினால்தான் தூக்கம் வருமாம். வாங்கிவிட்ட ஆறு ஆடுகளுக்கும் அவனே பெயர் வைத்தான். புஷ்பவல்லிக்கு அந்த இடத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. கிழக்குப் பார்த்த பெரிய வாசல்.

அந்த வாசலில் இருந்தது அவள் உயிர். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி, முன்கதவை விரியத் திறந்து வைப்பாள். லட்சுமி உள்ளே வர வேண்டும் அல்லவா? அம்மா வீட்டிலும் அப்படித்தான், அமெரிக்கா வந்து பதினாறு வருஷமாகவும் அப்படித்தான். ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் டாக்டர் டாக்டராக அலைந்தவள் அவள். அப்படித் திறந்து வைத்த வாசல் வழியாகத்தான் வான்மதி வந்து சேர்ந்தாள் என்று நம்பினாள். இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

தடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் சேனாபதி வனவிலங்கு ஆபீசில் ரிப்போர்ட் பண்ணினான். மறுநாள் பழுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி டிரக்கில் வந்து இறங்கினார். தடத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மவுன்டன் லயன், மலையில் திரிகிற பெரும்பூனை, அதுவும் நன்றாக வளர்ந்தது என்றார். பட்டியைச் சுற்றி வந்தார். ஆடு ஒன்றுகூடக் குறையவில்லை, வேலிப் பக்கம் ஒரு தடமும் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

சாதாரணமாக மானையோ ஆட்டையோ அடிக்கும், தின்னும், போய்விடும். இது எதையும் தொடாமல் வீட்டையே சுற்றுகிறது என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணில் பட்டால் ஓடக்கூடாது. ஓடினால் துரத்தும். குனியவோ குத்துக்காலிட்டு உட்காரவோ கூடாது. உட்கார்ந்த மனிதன் அதன் கண்ணுக்கு நாலுகால் பிராணி. நிமிர்ந்து நின்று கையை உயர்த்திச் சத்தம் போட வேண்டும். ஆனால் அடைபட்ட இடத்தில் மட்டும் சத்தமே கூடாது. அது தப்பிக்கிற வழியில் நாம் நிற்கவே கூடாது. ஒரு கை ஹாரனைக் கொடுத்தார். எதிர்ச் சரிவைப் பார்த்து ஓக் மரத்தில் ஒரு கேமராவைக் கட்டினார். ஏதாவது நடமாடினால் படம் இவர்கள் போனுக்கு வந்துவிடும்.

டிரக்கில் ஏறப் போனவர் நின்று கேட்டார். இந்த வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் ஏதாவது நடக்கிறதா? அவை பழக்கத்தைக் கவனிக்கிற பிராணிகள் என்றார்.

"நோ, நத்திங்," என்றாள் புஷ்பவல்லி.

யூனிஃபார்ம் போட்ட வெள்ளைக்காரியிடம் லட்சுமியைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் பிறகு மருகாத நாளில்லை.

முதல் படம் அன்றைக்கே வந்தது. சாயங்காலம் 5:02. தூரத்துப் பாறையின் மேல் மங்கலாக ஒரு மஞ்சள் உருவம். மறுநாள் 5:01, சாய்ந்து கிடந்த மரத்தடியில். அதற்கடுத்த நாள் 5:03, வேலிக்கு வெளியே. அலைந்து திரிகிற படம் ஒன்றும் இல்லை. எல்லாப் படத்திலும் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கடை திறப்பதற்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. ஐந்து மணிக்கு அவள் கதவைத் திறப்பாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

புஷ்பவல்லி பயந்துபோய் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் விளக்கை ஏற்றிவிட்டு, தப்புச் செய்தவள் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, கதவை ஒட்டியிருந்த கண்ணாடியில் ஒரு கறை. துடைத்தாள், போகவில்லை. கறை வெளிப்பக்கம். அவள் இடுப்பு உயரத்தில், ஈரமான மூக்கை வைத்து அழுத்தியது போல் ஒரு வட்டம், அதைச் சுற்றி மூச்சுப் பட்டுக் காய்ந்த தடம். ஏன் இன்னும் திறக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் போயிருந்தது.

அதற்கடுத்த நாள் கார்த்திகை தீபம்.

மதியத்திலிருந்தே அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் வீடு முழுக்க விளக்கு வைக்கிற நாளில் வாசலைச் சாத்துவதா? ஐந்து மணி ஆனது. ஐந்தே கால் ஆனது. போன் அடித்தது. சேனாபதி.

"புள்ள, அது இன்னிக்கு வரவே இல்ல. நானும் நாலரையிலிருந்து போனையே பாத்துட்டு இருக்கறன். படம் ஒண்ணுகூட வரல. போயிருச்சாட்ட இருக்குது."

"நெசமாலுமாங்க?"

"நெசமாத்தான் சொல்றன். நல்ல நாளு அதுவுமா கதவச் சாத்திப் போட்டு உக்காந்திருக்காத. தொறந்து வெளக்கு வையி. நான் சுனோல் தாண்டிட்டன், சிக்ஸ் எய்ட்டி ரோட்டுல ஒரே ட்ராஃபிக்."

நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போல் இருந்தது அவளுக்கு. அப்பாடா! பின்கதவைச் சாத்தினாள், முன்கதவை விரியத் திறந்தாள், வாசலைக் கழுவிவிட்டு அரிசிமாவைக் கரைத்து, நிலைப்படி வரைக்கும் பெரிதாக ஒரு மாக்கோலம் போட்டாள். விளக்கு வெளிச்சம் எடுத்துத் தெரியட்டும் என்று வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்தாள். நெய் வாசனையும் எண்ணெய்த் திரி கருகும் வாசனையும், முந்தின நாள் மழையில் நனைந்த புல் வாசனையுமாக வாசல் மணத்தது. எதிர்மலைக்குப் பின்னாலிருந்து நிலா வெளியே வந்துகொண்டிருந்தது.

நீளமான ஹால்வேயின் கடைசி அறையில் வான்மதி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு ஐபேடில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா வந்து நிற்பது தெரிந்ததும் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி விரல்களை ஆட்டினாள். தின்பதற்கு எது வேண்டுமென்றாலும் அவள் அப்படித்தான் கேட்பாள். திட்டித் திட்டிப் புஷ்பவல்லிக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

"பொரி உருண்டைதான? வெளக்கு வெச்சுட்டுத் தாறேன்."

"ஜஸ்ட் ஒன், அம்மா."

"மூஞ்சியத் திருப்பிக் கேக்கமாட்டியா நீ? வெச்சுட்டு வாறேன்."

படிகளில் அகல்களை வரிசையாக வைத்தாள். வாசல் திண்டில் வைத்தாள். கடைசி அகலை ஆட்டுப்பட்டியில் வைக்க வேண்டும், நாற்பது எட்டுத் தூரம். காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, எதிர்ச் சரிவைப் பார்த்தபடியே நடந்தாள். சரிவு காலியாக இருந்தது. நிலா வெளிச்சத்தில் பாறையும், சாய்ந்த மரமும், வேலியும் மட்டும்.

பட்டியில் ஆறு ஆடும் ஒரே மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்றும் கத்தவில்லை. அவள் வேலிக் கட்டையில் அகலை வைத்தபோதுகூட ஒன்றும் அவளைப் பார்க்கவில்லை. மலையையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, அவளுக்குப் பின்னால், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் திரும்பினாள்.

விளக்கு வரிசை அழகாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் படியில் ஒன்று மட்டும் அணைந்திருந்தது. காற்று இல்லை.

ஓடக்கூடாது. நடந்தாள். இரண்டாம் படியில் அகல் கவிழ்ந்து கிடந்தது, எண்ணெய் வழிந்து. மூக்கில் ஒரு வாடை. ஆட்டு வாடை இல்லை. அதைவிடக் காரமான ஏதோ ஒன்று.

மாக்கோலம் இன்னும் காயவில்லை. அதன் நடுவில் நாலு விரல். நிலைப்படிக்குப் பக்கத்தில் இன்னும் நாலு.

நிலைப்படிக்கு உள்ளே, கருப்பு மரத்தரையில், வெள்ளை வெளேரென்று ஒரு தடம். அடுத்தது. அடுத்தது. பூஜை விளக்கைத் தாண்டி, சோபாவைத் தாண்டி. கிருஷ்ண ஜெயந்திக்கு வான்மதி தன் குட்டிக் கையால் வைக்கிற பாதங்கள் போலவே, வாசலிலிருந்து உள்ளே நோக்கி. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஐயோ, நானே திறந்து வைத்தேனே.

வாசலிலிருந்து ஒரு அகலைக் கையில் எடுத்தாள். சூடு உறைக்கவில்லை. ஹாரன் அலமாரியில் இருந்தது. அடைபட்ட இடத்தில் சத்தமே கூடாது. ஹாரனைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். போன் வாசல் திண்டில் கிடந்தது, இப்போது திரும்பிப் போக அவளால் முடியாது.

தடங்கள் சமையலறைக்குத் திரும்பவில்லை. ஹால்வேக்குள் போயின. போகப்போக மங்கின. பாதி விரல். ஒரு பொட்டு மாவு. பிறகு வெறும் தரை.

ஹால்வேயின் முடிவில் ஒரே ஒரு அறை. உள்ளே ஐபேடின் நீல வெளிச்சம்.

அங்கேயிருந்து வான்மதியின் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டே.

"அம்மா, ஐ நோ யூ ஆர் தேர்."

புஷ்பவல்லி ஹால்வேயின் இந்த முனையில் நின்றாள்.

"அம்மா! ஸ்டாப் ப்ளோயிங் ஆன் மை நெக்."

கத்தக்கூடாது. ஓடக்கூடாது. குனியக்கூடாது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. எண்ணெய் அவள் மணிக்கட்டில் வழிந்தது. சுவரில் அவள் நிழலும் கூடவே நகர்ந்தது. என் கொழந்தைய விட்டுரு. என்னை எடுத்துக்கோ. சாமி, என்னை எடுத்துக்கோ.

அறை வாசல்.

நாற்காலியில் குழந்தையின் சின்ன முதுகு. ஹெட்போன். பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால், கட்டில் நீளத்துக்கு, இன்னொரு முதுகு. கனத்த வால் தரையில் மெதுவாக இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. அறைக்கு வழி ஒன்றுதான். அந்த வழியில் அவள் நின்றாள்.

அகல் வெளிச்சம் பட்டதும் அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. இரண்டு கண்ணிலும் விளக்கு எரிந்தது. பிறகு அவளை விட்டுவிட்டு, மறுபடி குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டது.

வான்மதி திரும்பவில்லை. வரைந்துகொண்டே இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

அது குனிந்து, ஈர மூக்கை அந்தக் கையில் வைத்தது.

"ஜஸ்ட் ஒன், அம்மா," என்று சொல்லி வான்மதி விரல்களை ஆட்டினாள்.