பெயர் இல்லாத நாற்பத்தொன்று

வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே பெயர் இல்லை. டிக் மட்டும் இருந்தது. ஒரு நாள்கூட விடுபடாத டிக். அடுத்த வருடப் பதிவேட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அறுபது வருடமாக எந்தப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கும்?

ஆவணக் காப்பாளருக்குத் தலை வெடித்தது. பூச்சி உருண்டை நாற்றமும் ஈரக் காகித நெடியும் தொண்டையை அடைக்கும் பள்ளி நிலவறையில், விடுதிப் பிள்ளைகளின் தகரப் பெட்டிகள், சிலேட்டுகள், வீட்டுக்கு எழுதியும் அனுப்பப்படாமலே போன கடிதங்கள் என்று எட்டு மாதமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். நாளை கண்காட்சி. இன்று ஐந்து மணிக்குள் பட்டியல் முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் வீட்டைக் காலி செய்து, கணவனையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பாழாய்ப்போன கணினியோ, 'உரியவர் பெயர்' கட்டம் காலியாக இருந்தால் சேமிக்க மாட்டேன் என்றது. 'தெரியவில்லை' என்று அடித்து அனுப்பியதை முதல்வர் இரண்டு முறை திருப்பிவிட்டார். மூடியில் 41 என்று எழுதிய பெட்டி ஒன்றுதான் பாக்கி. அதற்குள் ஒன்றுமே இல்லை.

விடுதி வார்டனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அதுக்குப் பேரே கிடையாது தாயே. நாப்பதைக் கூப்பிடுவோம், அடுத்ததுக்கு வாயைத் திறக்காம ஒரு டிக்கைப் போட்டுட்டு நாப்பத்திரண்டுக்குப் போயிடுவோம்."

"இப்பவுமாக்கா?"

"இன்னைக்குக் காலையிலகூட."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சாங்க, நானும் செய்யுறேன். பேர் வெச்சா கூப்பிடணும். கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்ல ஒரு ஆள் வேணுமே!" வார்டன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ பாட்டுக்கு ஏதாவது எழுதி வெச்சுடாத, என்ன?"

"அதை முதல்வர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

வார்டன் முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனாள்.

ஐந்தாக இன்னும் இருபது நிமிடம். கட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. எவன் வந்து பார்க்கப் போகிறான்? விரலுக்குப் பழகிய பெயரை அடித்தாள். மகளின் பெயர். பட்டியல் ஏறிக்கொண்டது. அப்பாடா.

பின்னால் எங்கோ தகரம் மெல்ல முனகியது, வெயிலில் காயும் கூரையைப் போல. நிலவறையில் ஏது வெயில்? பூச்சி உருண்டை நாற்றத்துக்கு நடுவே சோப்பு வாசனை வந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்த குழந்தையின் ஈரத் தலை வாசனை. அவள் திரும்பவில்லை. மேசையில் திறந்து கிடந்த பதிவேட்டையே பார்த்தாள்.

நாற்பத்தொன்றுக்கு நேரே பெயர் இருந்தது.

மங்கிய பழைய மையில். மகளின் பெயர். முந்தைய பக்கத்திலும். முந்தைய வருடத்திலும்.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எங்க?"

"நீதான கூட்டிட்டு வரச் சொன்ன?" என்றான் கணவன். "இப்பதான் போனா."

"யாருகூட?"

"ஹாஸ்டல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு. உன் லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பேரைப் படிச்சா. இவ உடனே செருப்பை மாட்டிக்கிட்டா. ஏய், ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரே ஒரு ஜோடி.

கதவு திறந்தது. மகள். தனியாக.

இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். அந்த விரல்கள், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல், வெளுத்து ஒன்றோடொன்று நசுங்கியிருந்தன. அம்மாவைப் பார்க்கவில்லை. தாண்டிப் போனாள். பெட்டியை நோக்கி.

கால் எழவில்லை. கை எழவில்லை. குரல் மட்டும் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

மகள் திரும்பவில்லை. உதடு அசையவில்லை.

மூடிக் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து, மகளின் குரலிலேயே வந்தது.

"உள்ளேன்."