சொல்லாமல் கிளம்ப வேண்டிய கோயில்

ஆளே வராத கோயில் என்றுதானே சொன்னார்கள்? தரை பெருக்கியிருந்தது. கதவிடுக்கில் முளைத்திருந்த செடியை ஒடித்துத் தள்ளிக்கொண்டுதான் செல்வக்குமார் உள்ளே நுழைந்தான். ஆனாலும் உள்ளே தண்ணீர் தெளித்துப் பெருக்கிய ஈரம்கூடக் காயவில்லை.

ஒத்தக்கடையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் ஒற்றையாய் நிற்கும் வனத்துச் சின்னப்பர் கோயில் அது. எங்கோ பாலைவனத்தில் மனுச முகம் பாராமல் வாழ்ந்து மறைந்த கிறிஸ்தவத் துறவி, மதுரைப் பக்கத்துக் காடுகளுக்கு எப்படிச் சாமியாக வந்து சேர்ந்தார் என்பதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. இந்தக் கோயிலோடு அலைச்சல் முடிகிறது.

வழிகாட்டிய ஆட்டுக்காரர் சிவனாண்டி வேலிக்கு அந்தப்புறமே நின்றுவிட்டார்.

"என்னமும் பாத்துக்கங்க தம்பி. கிளம்புறப்ப மட்டும் போயிட்டு வாரேன்னு சொல்லிராதீங்க. நாங்க யாரும் சொல்றதில்ல."

"சொன்னா என்னண்ணே?"

"தனியாக் கெடக்குற சாமி. சொன்னா நம்பிரும்."

அட, இதுவல்லவா வழக்கம் என்று செல்வக்குமாருக்கு ஒரே குஷி.

படமெடுத்து, சுவர்களை அளந்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. வவ்வால் எச்சமும் பழைய மெழுகும் கலந்த வாடைக்கு நடுவே, எங்கிருந்தோ அப்போதுதான் வடித்த சோற்றின் மணம் மெல்ல வந்து, தரைவரை முடி தொங்கும் சின்னப்பர் சுருபத்தின் தேய்ந்த முகத்தருகே கொஞ்சம் தங்கி, அவன் சட்டையில் ஒட்டியது.

வெளியே வந்து செருப்பை மாட்டினான். அம்மா போனபிறகு, அறையைப் பூட்டிவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் பழகியவன். பெருக்கிய தரையும் சோற்று மணமுமாக, வீட்டு வாசலில் நிற்பது போலிருந்தது. பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"போயிட்டு வாரேன்."

உள்ளே விளக்குமாறு கீழே விழும் சத்தம் கேட்டது.

பைக்கை விரட்டினான். மேலூர் ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரன் வலப்பக்கம் தெளிவாகக் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனான். முள். மண்தடம். கோயில். வண்டியைத் திருப்பினான். ஹாரன் இன்னும் கிட்டத்தில் கேட்டது. மறுபடி கோயில்.

போனை எடுத்தான். சிக்னல் இருந்தது. யாருக்குப் போடுவது? இன்னும் வரவில்லையே என்று அவனைத் தேட ஒருவரும் இல்லை. அழுகை வந்தது.

பெட்ரோல் தீர்ந்தது. வண்டி நின்றது. அதே வாசல்.

உள்ளே சிம்னி விளக்கு எரிந்தது. பாய் விரித்திருந்தது. தரைவரை முடி புரள, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒன்று, திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம்விட்டது.