அண்ணிக்குப் பிடிக்காத சீட்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. எல்லோரும் குளித்து உடுத்தியாயிற்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்தா மருமகள் அதைச் சொல்ல வேண்டும்!

“நானும் வாலுவும் பஸ்ல வர்றோம். நீங்க அத்தையக் கூட்டிட்டுக் கார்ல போங்க.”

கூடத்தின் நடுவில் குழந்தை உட்காரும் கார் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்தான். கண்ணாடிக் கடையில் வேலை அவனுக்கு. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவன். பெண்டாட்டி கண்ணில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தெரியாது.

“வாசல்ல கார் நிக்குது. மாட்டறதுக்கு சீட் இதோ இருக்கு. அப்புறம் எதுக்கு பஸ்?”

“அந்த சீட் வேண்டாம்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்!”

மருமகள் குனிந்து தன் பையில் சாமான்களை அடுக்கினாள். அளவு நாடா, ஊசிப் பெட்டி, நூல்கண்டு, கத்தரிக்கோல். நாத்தனாருடைய புது வீட்டுக்குத்தான் பயணம். அங்கே திரைச்சீலைகள் தரையில் புரள்கின்றனவாம், மடித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். துணிக்கடைக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். அந்தக் கத்தரிக்கோலை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. ஒருமுறை அத்தை அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டாள். ஏழு வருஷத்தில் மருமகள் குரலை உயர்த்திச் சண்டை போட்டது அந்த ஒரே ஒரு நாள்தான்.

“என் தங்கச்சி குடுத்ததுங்கறதாலதானே வேண்டாம்? நேரா சொல்லிடேன்!” என்றான் புருஷன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தை வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். “விடுடா. அவ சம்பாதிக்கிறவ. அடுத்தவங்க புள்ள உக்காந்த சீட்ல அவ பொண்ணு உக்காருவாளா? வாயத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்? ஊமைக்கோட்டான்! ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!”

மருமகள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். சொல்லக் கூடாது... சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

விஷயம் இதுதான். வாலு என்பது அவள் மூன்றரை வயது மகள். காரணப் பெயர், விளக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து காரில் பின்பக்கம் பார்த்த சீட்டில்தான் போனாள், சின்னக் கழுத்துக்கு அதுதான் பத்திரம் என்று. “புள்ள காலை மடக்கிட்டு உக்காந்திருக்கு, பாவம், திருப்பி வையேன்” என்று அத்தை இரண்டு வருஷமாகச் சொல்லியும் மருமகள் கேட்கவில்லை. போன மாதம் பார்த்தால் தலை சீட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. எடையும் ஏறிவிட்டது. இனிமேல் முன்பக்கம் பார்க்கிற சீட்தான்.

தையல்காரி இல்லையா, அளவெடுக்காமல் ஒரு காரியம் செய்வாளா? குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி உயரம், தோள் உயரம், இடுப்பு எல்லாம் எடுத்தாள். காரின் பின் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, மேல் வாரை மாட்டுகிற கொக்கி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். வாலுவையும் கூட்டிக்கொண்டு காரில்தான் கடைக்குப் போனாள். ஒன்றில் தோள் வார் குழந்தையின் தோளுக்குக் கீழிருந்து வந்தது, வேண்டாம். இன்னொன்று பார்க்க ராஜ சிம்மாசனம், ஆனால் இவர்கள் காரில் வைத்து இறுக்கினால் ஆடியது, அதுவும் வேண்டாம். மூன்றாவதாகப் பார்த்தது சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருந்தது. தோளுக்கு ஒரு விரல் மேலே வார், இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து பிடி. காரில் கட்டி இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. வாலு அதில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

கடைக்காரம்மா அப்போது சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் வினை. “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. யாராவது பழைய சீட் குடுத்தா, அது எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சு வாங்குங்க. ஒரு தடவ பலமா இடிபட்டதா இருந்தா இனாமா குடுத்தாலும் தொடாதீங்க. வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும். அடுத்த இடியத் தாங்காது.”

மருமகள் அந்தச் சாம்பல் சீட்டை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அத்தை முந்திக்கொண்டாள்! மகளுக்கு போன் போட்டு, “உன் பையனோடது பரண்ல சும்மாதானே கிடக்கு, அண்ணனுக்குக் குடுத்தா என்ன?” என்று கேட்டுவிட்டாள். முப்பது வயதாகியும் வீட்டில் ‘பாப்பா’ என்றே கூப்பிடப்படும் நாத்தனார், முதலில் இழுத்தாள், பிறகு அனுப்பிவிட்டாள். புதன்கிழமை அது வந்து இறங்கியது. நல்ல உசத்தியான சீட். புருஷனுக்கு வாயெல்லாம் பல்.

மருமகள் துவைத்துப் போடலாம் என்று உறையைக் கழற்றினாள். உள்ளே பிளாஸ்டிக்கில், வளைத்த அடிஸ்கேலில் விழுமே, அந்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. சீட்டைத் திருப்பினாள். தோள் வார்கள் ஒன்று சேரும் இடத்தில் இருந்த தையலைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நூல் நைந்து பிரிந்தால் தளர்ந்து தொங்கும். இழுபட்டு அறுந்தால் ஊசி ஓட்டை நீளும். இங்கே ஒவ்வொரு ஓட்டையும் நீண்டிருந்தது. இருபது வருஷமாகத் துணியோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

போனை எடுத்தாள். “பாப்பா, இந்த சீட் எப்பவாவது இடிபட்டுதா?”

அந்தப் பக்கம் விசும்பல். மூன்று வருஷத்துக்கு முன், அவள் புருஷன் வெளியூரில் வேலையாக இருந்தபோது, காரை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்துத் தூணில் மோதிவிட்டாள். பின்னால் பையன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் திரும்புவதற்குள் காரைச் சரி செய்து, நின்றிருந்த காரில் வேன் உரசிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

“அவனக் காப்பாத்தின சீட்டாச்சேன்னுதான் குடுத்தேன் அண்ணி... கெட்டுப்போயிருக்கும்னு சத்தியமா தெரியாது. அவர்கிட்ட சொல்லிடாதீங்க... அம்மா அப்பவே ‘உனக்கெதுக்கு வண்டி’ன்னாங்க. இப்ப வேலைக்கே நான் கார்லதான் போறேன். தெரிஞ்சா சாவிய வாங்கி வெச்சுடுவாங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க அண்ணி!”

“சொல்ல மாட்டேன். அழாத.”

இரண்டே வார்த்தை. அதற்கு நாலு நாளாக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமா? “புதுசு வாங்கலாங்க” என்றாள். “சும்மா வந்தத விட்டுட்டா? என் தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்?” என்று புருஷன் ஒரே பிடியாக நின்றான். இன்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால், நாத்தனார் புது வீட்டுக்கு வராமல் போனாள் என்று அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

“பஸ்ல உன் பொண்ணுக்கு கண்டக்டர் பெல்ட் மாட்டி விடுவாரா?” என்று கடைசியாகக் கேட்டான் புருஷன்.

“பெரிய வண்டிங்க. மெதுவாத்தான் போகும்” என்றாள். அவளுக்கே அந்த பதில் போதவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் இடம் கிடைத்தது. இரண்டாவதில் நிற்க வேண்டியதாயிற்று. “அம்மா, நம்ம கார் ஏன் நம்மள விட்டுட்டுப் போச்சு?” என்று வாலு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாலு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிற்று. ஆனாலும் நாலு நாளில் அப்போதுதான் அவள் மனது சற்று அடங்கியிருந்தது.

பாப்பாவின் வீட்டுப் படியேறும்போது வியர்வையில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த பாப்பா, அண்ணியையும் தோளில் தூங்கும் குழந்தையையும் பார்த்து முகம் வெளுத்துப்போனாள். “பஸ்லயா அண்ணி வந்தீங்க...?” என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே கூடத்தின் நடுவில் அந்த சீட் உட்கார்ந்திருந்தது! புருஷன் அதையும் காரில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான்.

“உன் சீட்ட நீயே வெச்சுக்க பாப்பா. உங்க அண்ணிக்குப் பிடிக்கலையாம்” என்றான், எல்லோர் முன்னாலும்.

மாப்பிள்ளை, பாப்பாவின் புருஷன், நல்ல மனிதர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. குழந்தையை வாங்கி உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்தார். “அட, இதுக்குப் போய் ஏன் மச்சான் முகத்தத் தூக்கி வெச்சுக்கறீங்க? மேல் வீட்டுக்காரங்க அவங்க பையனுக்கு இந்த மாதிரி ஒண்ணுதான் தேடிட்டிருக்காங்க. சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்துடறேன். முடிஞ்சுது கதை.”

மருமகள் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தரையைப் பார்த்தாள்.

சொல்லிவிடேன், பாப்பா! என்று மனதுக்குள் கெஞ்சினாள். தன் தலையில் எவ்வளவு பழி விழுந்தாலும் விழட்டும், அது அவளோடு போகும். மேல் வீட்டுப் பையன் என்ன பாவம் செய்தான்? அவன் அம்மாவும் வாரை இறுக்கி மாட்டிவிட்டு, பத்திரமாகத்தான் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு போவாளே...

“குடுக்காதீங்க அண்ணா” என்றாள்.

“ஏம்மா?”

“காரணம் கேக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க... கையெடுத்துக் கும்பிடறேன்.”

அத்தைக்கு வந்ததே கோபம்! “கேட்டியாடா கதைய! தனக்கும் வேண்டாமாம், இன்னொருத்தருக்கும் போகக் கூடாதாம்! வைக்கப்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு என் கண்ணால பாத்துட்டேன்! இப்படி ஒரு மனசா?”

மருமகள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. “என்னை என்ன வேணா சொல்லுங்க அத்தை. அத மட்டும் குடுக்க வேண்டாம்.”

“போதும்மா!” என்று கத்தினாள் பாப்பா. “அண்ணிய ஒரு வார்த்தை சொல்லாதீங்க! தப்புப் பண்ணவ நான்... நான்தாம்மா!”

எல்லாவற்றையும் சொன்னாள். தூண், பையன், வேன் பொய், போனில் வாங்கின வாக்கு வரை. “நாலு நாளா நீங்கள்லாம் அண்ணியத் திட்டுறது எனக்குத் தெரியும். அம்மா தினம் போன்ல சொல்வாங்களே! கேட்டுட்டு வாய மூடிட்டு இருந்தேன்...”

மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். ஏழு வயதுப் பையன் படம் வரைந்துகொண்டிருந்தான். அவன் கழுத்தையும் தோளையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“கார் போனா போகுது. என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார். “மூணு வருஷம் நீ ஒருத்தியாவா இத வெச்சுட்டிருந்த? நான் சாவிய வாங்கி வெச்சுக்குவேன்னா நினைச்ச?”

பாப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “சாவி உன்கிட்டயேதான் இருக்கும்” என்றார் அவர்.

புருஷன் சீட்டைத் தூக்கி உறையை விலக்கி, பெண்டாட்டி பார்த்ததைத் தானும் பார்த்தான். வெள்ளைக் கோடு. நீண்ட ஓட்டைகள். புதன்கிழமையிலிருந்து அவன் கையில்தான் இருந்தது இது. இன்று காலையும் இதில்தான் மகளை உட்காரவைக்கப் பார்த்தான்.

“உன்னைக் காரணம் கேட்டேனே தவிர, இத ஒரு தடவ திருப்பிப் பாக்கலையே நான்...” என்றான். “கார் இங்கயே நிக்கட்டும். எல்லாரும் பஸ்லயே போவோம். நாளைக்குக் கடை திறந்ததும் நீ எடுத்து வெக்கச் சொன்ன சீட்டோட வந்து ஓட்டிட்டுப் போறேன்.”

அத்தை மெல்ல மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். “உன்னைப் போய் நாய்னு சொல்லிட்டேனே...”

“ஊமைக்கோட்டான்னும் சொன்னீங்க” என்றாள் மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“இத வாசல் குப்பைத் தொட்டியில போட்டுட்டு வர்றேன்” என்று மாப்பிள்ளை சீட்டைத் தூக்கினார்.

“முழுசாப் போடக் கூடாது அண்ணா. எவளோ ஒருத்தி, நல்லாத்தானே இருக்குன்னு எடுத்துட்டுப் போய் அவ புள்ளைய உக்கார வைப்பா. வாரை அறுத்துத்தான் போடணும்.”

பையைத் திறந்தாள். கத்தரிக்கோலை எடுத்து பாப்பாவிடம் நீட்டினாள்.

பாப்பா வாங்கத் தயங்கினாள். “அண்ணி... இத யாரையும் தொடவே விட மாட்டீங்களே. வார் எவ்ளோ தடியா இருக்கு. மழுங்கிடும்.”

“மழுங்கட்டும். சாணை பிடிச்சுக்கலாம். நீயே வெட்டு.”

பாப்பா தரையில் உட்கார்ந்தாள். வார் வழுக்கி வழுக்கிப் போயிற்று. அத்தை முட்டி வலியோடு எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்தாள். “ம்... வெட்டு.”

ஒவ்வொன்றாக ஐந்தும் அறுந்தன. கடைசி வார் விழுந்ததும் அத்தை கத்தரிக்கோலை வாங்கி, தன் முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து மருமகளிடம் கொடுத்தாள்.

“எண்ணெய் போட்டு வெச்சுக்கோ. அப்புறம், அத்தை தொட்டாங்கன்னு இதுக்கும் சண்டைக்கு வருவ!”

மருமகள் கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டு அத்தையைக் கட்டிக்கொண்டாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தத் தோளில் இறங்கியது. “அழு, நல்லா அழு” என்று முதுகைத் தடவினாள் அத்தை. உள்ளே வாலு விழித்துக்கொண்டு, “அம்மா, திரும்பவும் பஸ்லயா போறோம்?” என்று கத்தினாள்.

“ஆமாண்டி வாலு, பாட்டியும் கூட வரேன்!” என்றாள் அத்தை.